கூப்பிட்டால் யாரும் எழுந்திருக்கக் கூடாத பெயர்

கண் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் பெயர் கூப்பிடுவதுதான் அவன் வேலை. இதற்கு ஓர் ஆள் எதற்கு, சுவரில் எண் ஓடும் பெட்டியை மாட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் அந்த மாடிக்கு வந்ததில்லை என்று அர்த்தம். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்கள். கண்பாப்பா விரியும்வரை இமையை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கூப்பிட்ட பிறகுதான் திறக்கலாம். நீளமான பெஞ்சுகளில் வரிசை வரிசையாக மூடிய கண்கள். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு ஏதோ கூட்டுத் தியானம் போலத் தோன்றும். கிட்டே போனால்தான் விஷயம் புரியும். பாதிப் பேர் டாக்டரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேரிடமிருந்து குறட்டை வரும்.

எல்லோரும் அவனை 'மைக்கு' என்றுதான் கூப்பிட்டார்கள். கையில் மைக் எதுவும் கிடையாது. குரலும் அப்படியொன்றும் இனிமையானதல்ல. இரும்புக் கட்டிலைத் தரையில் இழுத்தால் எப்படி இருக்கும், அப்படி. ஆனால் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும். அதற்குத்தான் சம்பளம்.

பட்டப்பெயர் வந்ததற்குக் குரல் பாதிக் காரணம்தான். மறுபாதி, அவனுடைய சொந்தப் பெயர். அவன் அப்பா அம்மா பேசிய மொழியில் அது நல்ல பெயர், அர்த்தமுள்ள பெயர். ஆனால் அந்த ஊரில் அந்த மொழி தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். தெருவில் பேசும் மொழிக்காரர்கள் அதன் தலையை வெட்டினார்கள். மனைவி வீட்டு மொழிக்காரர்கள் வாலை முறுக்கினார்கள். மருத்துவமனையில் மேலே உட்கார்ந்திருப்பவர்களின் மொழி வேறு. அவர்கள் நேராக வயிற்றிலேயே கை வைத்தார்கள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இப்படி அடிபட்டு அடிபட்டு, யார் கூப்பிட்டாலும் அது நமக்கில்லை என்று எண்ணும் பழக்கம் அவனுக்கு வந்துவிட்டிருந்தது. நாள் முழுக்க ஊரையே பெயர் சொல்லி எழுப்புகிறவன், தன் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருமுறை பின்னால் வந்த தள்ளுவண்டிக்காரன் தெரிந்த ஆளாயிற்றே என்று பெயர் சொல்லிக் கத்திக் கத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் முட்டிவிட்டுத்தான் நின்றான்.

இதெல்லாம் அவனை உறுத்தியதில்லை, மகன் பிறந்த அன்றைக்குவரை.

பிரசவ வார்டு வாசலில் அவனும் இன்னும் சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் கதவைத் திறந்து ஒரு பெயரைச் சொன்னாள். யாரும் அசையவில்லை. மறுபடி சொன்னாள். அவனுக்குத் தொழில்முறையில் எரிச்சல் வந்தது. கூப்பிடத் தெரியவில்லையே இந்தப் பெண்ணுக்கு என்று நினைத்தான். மூன்றாவது தடவை, மூலையில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து உள்ளே போனார். அவர் மின்விசிறி பழுது பார்க்க வந்தவர். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் போயிருக்கிறார். உள்ளே அவர் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டார்கள். மறுக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, வெளியே வந்து, "ஆம்பளப் புள்ளைங்க. நல்லா இருக்கான். ஃபேன் எந்த ரூம்ல?" என்று கேட்டார்.

நர்ஸ் கூப்பிட்டது தன் பெயரைத்தான் என்பதும் தனக்கு மகன் பிறந்திருக்கிறான் என்பதும் அப்படித்தான் அவனுக்குத் தெரிந்தன. பெற்ற பிள்ளையின் முகத்தை முதலில் பார்த்தது ஒரு ஃபேன் மெக்கானிக். மனைவி இதை மன்னித்துவிட்டதாகச் சொன்னாள். எப்படி மன்னித்தாள் என்பது, வீட்டில் ஃபேன் சுற்றும்போதெல்லாம், "உங்க சார்பா வந்தாரே, அவர் நல்லா இருக்காரா?" என்று அவள் கேட்பதிலிருந்து தெரியும்.

தன் பெயர் பட்ட பாடு மகன் பெயருக்கு வரக் கூடாது என்று அவன் அன்றைக்கே முடிவு செய்தான். நாலு மொழிக்காரர்களில் யார் கூப்பிட்டாலும் பையன் திரும்பிப் பார்க்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம், அழகு, அர்த்தம், பெருமை எதுவும் வேண்டாம்.

ஆனால் குழந்தைக்குப் பெயர் வைக்கப் பெற்றவர்கள் மட்டும்தானா இருக்கிறார்கள்? கீழ் வீட்டில் அவன் அக்கா இருந்தாள். அவள் ஒரு பெயரைக் கொண்டுவந்தாள். நடுவில் யாரோ தும்மியது போல ஓர் ஒலி வரும். அதைச் சொல்ல அக்காவின் வாயால் மட்டும்தான் முடிந்தது. ஊரிலிருந்து மாமனார் வந்து கூடத்தில் தங்கியிருந்தார். ஓய்வுபெற்ற பஸ் நடத்துனர். அவர் கொண்டுவந்த பெயர் எல்லா நிறுத்தத்திலும் நின்று நின்று போகும் பெயர். அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. நிஜமாகவே பொங்கி வழிந்தது.

"ஞாயித்துக்கிழமை நான் ஊருக்குக் கிளம்பறேன் மாப்ள. அதுக்குள்ள உங்களுக்கு ஒண்ணும் தோணலேன்னா இதான் பேரு. பேரு வைக்காத புள்ளைய விட்டுட்டு நான் பஸ் ஏற மாட்டேன்."

"அவ்வளவு நீளமா எதுக்கு மாமா?"

"நீளமா இருந்தாத்தான் ஒருத்தனுக்கு ஒரு மரியாதை. சின்னப் பேரச் சொன்னா நாயக் கூப்பிடற மாதிரி இருக்கு."

"நீங்க சொன்ன பேரைக் கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள நீங்க இறங்க வேண்டிய ஸ்டாப்பே வந்துடும்" என்றாள் அக்கா. மாமனார் அவளோடு அன்றைக்குப் பேசவில்லை.

மைக்குவுக்கு ஒரு யோசனை பிறந்தது. அதைப் பெரிய யோசனை என்று சொல்ல முடியாது; அவனுக்குத் தெரிந்த ஒரே வேலையிலிருந்து வந்த யோசனை. பெயரைக் கூடத்தில் உட்கார்ந்து யோசிப்பதில் பயனில்லை. கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். நாலு மொழிக்காரர்களும் ஒரே இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்த இரண்டாம் மாடியில்தான்.

"ரெண்டே சட்டம்" என்று மனைவியிடம் விளக்கினான். "கூப்பிட்டா ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சா அந்தப் பேருக்கு ஏற்கெனவே ஆள் இருக்குன்னு அர்த்தம். அப்புறம், ஒருத்தரும் முகத்தைச் சுளிக்கக் கூடாது. சுளிச்சா அவங்க வாய்க்கு வரலேன்னு அர்த்தம்."

"கண்ண மூடிக்கிட்டு இருக்கறவங்க முகத்துல என்னத்தங்க பாப்பீங்க?"

"கண்ண மூடினாத்தான் முகம் பொய் சொல்லாது."

"எல்லாரும் புள்ளைக்குப் பேரு வைக்கக் கோயிலுக்குப் போவாங்க, பெரியவங்களக் கேப்பாங்க. நீங்க கண்ணு தெரியாதவங்ககிட்டப் போங்க" என்றாள். ஆனால் தடுக்கவில்லை.

முதலில் அக்காவின் தும்மல் பெயர். காலையில் கூட்டம் நிறைந்திருந்த நேரமாகப் பார்த்து, அடுத்துப் போக வேண்டியவரைக் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டு, அந்தப் பெயரை ஓங்கிக் கூப்பிட்டான். நடுவில் வரும் தும்மலைக்கூட விடவில்லை.

ஒரு தையல்காரர் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குள் போய்விட்டார்.

மருந்து விடும் நர்ஸுக்கு மாடியில் 'சொட்டக்கா' என்று பெயர். அவள் குப்பியும் கையுமாக ஓடிவந்தாள். "யார்றா அது? அவருக்கு இன்னும் ரெண்டாவது சொட்டே விடலயேடா!"

விஷயத்தைச் சொன்னான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு மொதல்ல ஒரு சொட்டு விடணும்டா. கண்ணுல இல்ல."

தையல்காரர் வெளியே வந்ததும் மைக்கு கேட்டான். "அண்ணே, அது உங்க பேரா?"

"இல்லீங்களே."

"பின்ன ஏன் எந்திரிச்சீங்க?"

"காலைலேர்ந்து உக்காந்திருக்கேன். ஏதோ ஒரு சத்தம் வந்துச்சு. நம்ம பேரத்தான் இப்படிக் கொன்னுட்டாங்கன்னு நெனச்சேன். வழக்கமா இதவிட மோசமாக் கொல்லுவாங்க."

மைக்கு இதை வெகுநேரம் யோசித்தான். அவனுடைய அதே காயம்தான் அவருக்கும். அவன் எந்தப் பெயருக்கும் எழுந்திருப்பதில்லை. அவர் எல்லாப் பெயருக்கும் எழுந்துவிடுகிறார். இரண்டில் எது நல்லது என்று அவனால் தீர்மானிக்க முடியவில்லை. அந்த ஃபேன் மெக்கானிக்மேல் இருந்த கோபம் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

சட்டப்படி தும்மல் பெயர் தோற்றது. மறுநாள் மாமனார் கொண்டுவந்த பெயரைக் கூப்பிட்டான். அது முடிவதற்குள் நாலு பேர் எழுந்துவிட்டார்கள், ஆளுக்கு ஒரு நிறுத்தத்தில். நாலு பேரும் வரிசையாக உள்ளே போனதும் டாக்டரம்மா வெளியே தலை நீட்டினார். மெலிந்த, கோபக்கார மனுஷி.

"மைக்கு, ஒரு பேருக்கு நாலு பேரா? குடும்பமா?"

"இல்ல மேடம். நீளமான பேரு."

டாக்டரம்மா ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு, "பேரு யாரோடதா இருந்தா என்ன, கண்ணு அவங்களோடதுதானே. அனுப்பு" என்று கதவைச் சாத்திக்கொண்டார். நியாயமான பேச்சுதான். ஆனால் பெயருக்கு அலைகிறவனுக்கு அது உதவாது.

இதற்கிடையில் பெஞ்சுகளில் செய்தி பரவிவிட்டது. கேள்விப்படாத பெயராக ஒன்று வந்தால் அது இலவச டிக்கெட், முதலில் எழுந்தவருக்கே சொந்தம். கண்ணை மூடியிருந்தவர்கள் இப்போது பெஞ்சு நுனியில், ஓட்டப் பந்தயத்துக்கு நிற்பவர்கள் போல உட்கார ஆரம்பித்தார்கள். மைக்கு சும்மா தொண்டையைச் செருமினாலும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அதுவரை எந்தப் பெயரும் சொல்லாத மனைவி, குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே ஒன்றைச் சொன்னாள். சின்னப் பெயர். மூச்சு விடுவதுபோல வந்து போய்விட்டது.

"இதக் கூப்பிட்டுப் பாருங்க."

"யாரோட பேரு இது? உங்க வீட்டுல யாராவது..."

"யாரோடதும் இல்ல. இவனக் குளிப்பாட்டும்போது வாயில வந்துச்சு. உடனே உங்க அக்காகிட்டப் போய்ச் சொல்லிடாதீங்க."

அன்றைக்கு மாடியில் நல்ல கூட்டம். அவன் அந்தச் சின்னப் பெயரைக் கூப்பிட்டான். இரும்புக் கட்டில் குரலில்கூட அது அடிபடாமல் போய் விழுந்தது.

மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒருவர் தெரு மொழி பேசும் வயதான லாரிக்காரர். ஓட்டுவதை விட்டுப் பல வருடம் ஆகிறது, முழங்காலில் வேறு கோளாறு. இன்னொருவர் மாமனாரின் மொழிக்காரரான முடிதிருத்துபவர். மூன்றாவது ஒரு கணக்கு டீச்சர், மேலிடத்து மொழி. மூன்று பேருக்கும் கண் மூடியிருந்தது. மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்துக்கொண்டு சண்டையைத் தொடங்கினார்கள்.

"என்னத்தான் கூப்பிட்டாங்க. நாந்தான் அது" என்று பெயரைச் சொல்லி மார்பில் தட்டினார் லாரிக்காரர், தூணைப் பார்த்து.

"யோவ், பொறந்ததுலேர்ந்து எனக்கு அதான்யா பேரு" என்று முடிதிருத்துபவரும் அந்தப் பெயரையே திருப்பிச் சொன்னார், தண்ணீர்ப் பானையைப் பார்த்து.

"சும்மா இருங்க ரெண்டு பேரும். அது என் பேரு" என்றார் டீச்சர். அவரும் சொன்னார்.

மைக்குவுக்குப் பயம் பிடித்தது. "டீச்சர், அது ஆம்பளப் பேரு இல்லியா?"

"எங்க பக்கம் யாருக்கும் வைப்போம். உனக்கென்ன தெரியும்?"

சண்டை முற்றியது. லாரிக்காரர் அந்தப் பெயரை லாரி ஹாரன்போல அடித்தார். டீச்சர் வருகைப் பதிவு எடுப்பதுபோல அறுத்துச் சொன்னார். முடிதிருத்துபவர் அதைச் சொல்லிச் சத்தியம் செய்தார். பின் பெஞ்சிலிருந்து ஒரு கூட்டம், "அட, அந்தப் பேருக்காரன் யாரோ அவனத்தான் உள்ள விடுங்களேன்யா" என்று பெயரைச் சொல்லியே கத்தியது. மைக்குவின் சொந்த மொழி பேசும் காவலாளி கீழேயிருந்து ஏறிவந்து, "யாருய்யா அது?" என்று பெயரைச் சொல்லி அதட்டினார். டாக்டரம்மா கதவைத் திறந்து அதே பெயரை எரிச்சலோடு கூப்பிட்டார்.

நடுவில் நின்றிருந்த மைக்குவுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. நாலு மொழிக்காரர்கள் அந்தப் பெயரைக் கத்துகிறார்கள், அதட்டுகிறார்கள், கெஞ்சுகிறார்கள். எந்த வாயிலும் அது உடையவில்லை. உள்ளே போனபடியே வெளியே வந்தது. கோபத்தில்கூட ஒரு எழுத்து உதிரவில்லை. மற்றவர்கள் அடித்துக்கொண்டு 'என்னுடையது' என்று சொல்லும் பெயரை அவன் அதுவரை பார்த்ததில்லை. அவன் பெயருக்கு அப்படி யாரும் சண்டை போட்டதில்லை, அவனே போட்டதில்லை.

"மூணு பேர் எந்திரிச்சிருக்காங்க. உன் சட்டப்படி இது பெயில்டா" என்றாள் சொட்டக்கா.

"சட்டம் தப்புக்கா."

"இப்பத்தான் தெரியுதா?"

அதற்குள் லாரிக்காரர் தட்டுத்தடுமாறி டாக்டர் அறை வாசலைக் கண்டுபிடித்துவிட்டார். மற்ற இருவரையும் அவரவர் முறைக்கு உட்கார வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாமனார் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். தட்டிக்கழிக்க ஏதாவது கிடைக்குமா என்று நாலைந்து விதமாகச் சொன்னார். கிடைக்கவில்லை. "ஆரம்பிக்கறதுக்குள்ள முடிஞ்சுபோகுதே மாப்ள. எனக்கு இருமல்கூட இதவிட நீளமா வரும்" என்றார். அக்கா தும்மலில்லாத பெயர் ஒரு பெயரா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் இரண்டு பேரும் குழந்தையை அதைச் சொல்லித்தான் கொஞ்சினார்கள். வேறு வழியில்லை, வாயில் தானாக வந்தது. மாமனார் பஸ் ஏறினார்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த வாரம் லாரிக்காரர் மறு பரிசோதனைக்கு வந்தார். சீட்டில் எழுதியிருந்த அவருடைய பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவர் எழவில்லை. மறுபடி கூப்பிட்டான். சொட்டக்கா போய்த் தோளைத் தட்டினாள்.

"ஐயா, உங்களத்தான்."

"நானா? என் பேரு இப்ப அது இல்லம்மா. டாக்டரம்மாவே புதுப் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. நீங்களும் அதையே கூப்பிடுங்க."

மைக்கு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. அது என் பையன் பேரு. சும்மா கூப்பிட்டுப் பாத்தேன்."

லாரிக்காரர் கண்ணை மூடியபடியே முழங்காலைத் தடவிக்கொண்டார். "நாற்பது வருஷம் வண்டி ஓட்டினேன் தம்பி. செக்போஸ்ட்ல வண்டி நம்பரச் சொல்லித்தான் கூப்பிடுவான். வீட்டுல 'இந்தா' தான். ஒரு பேரக் கூப்பிட்டதும் மூணு பேரு ஓடியாந்து எனக்கு எனக்குன்னு அடிச்சுக்கிட்டு, அது எனக்குக் கெடச்சது இதான் மொத தடவ. உடனே குடுன்னா எப்படி?"

"குழந்தைக்கு வேணுமே ஐயா."

"எத்தன மாசம் ஆகுது?"

"இன்னும் ஒரு மாசம்கூட ஆகல."

"இப்பக் கூப்பிட்டாத் திரும்புமா?"

"திரும்பாது."

"அப்புறம் என்ன? அவனுக்கு இப்போதைக்கு அது சும்மாதானே கெடக்கு. அவன் திரும்பிப் பாக்கறவரைக்கும் நான் வச்சிருக்கேன். பாத்தான்னா குடுத்துடறேன். பேச்சு மாற மாட்டேன்."

வீட்டில் வந்து சொன்னான். மனைவி சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். "மொத நாளே ஒரு மெக்கானிக் தூக்கிட்டாரு. இப்பப் பேரு லாரிக்காரர்கிட்ட இரவல். புள்ளையாவது நம்மளோடதுதானா, பாத்துச் சொல்லுங்க." பிறகு சிரிப்பு அடங்கிய குரலில் கேட்டாள்: "அவன் திரும்பலேன்னா?"

அதுதான் அவனுடைய பயமும். நாலு மொழி வாயும் தேர்ந்தெடுத்த பெயர், சரி. ஆனால் பிள்ளை அப்பனைப்போல இருந்துவிட்டால்? மாதங்கள் போயின. வீட்டில் கூப்பிட்டால் குழந்தை திரும்பும். ஆனால் கதவு சாத்தினாலும் திரும்பும், கரண்டி விழுந்தாலும் திரும்பும். பெயருக்குத் திரும்புகிறதா, சத்தத்துக்குத் திரும்புகிறதா என்று யார் சொல்வது? லாரிக்காரர் ஒவ்வொரு முறை வரும்போதும், "என்ன, பாத்தானா?" என்று கேட்பார். "இன்னும் இல்ல" என்றால் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வார்.

குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு ஒரு நாள், மனைவிக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. அக்காவும் ஊரில் இல்லை. மனைவி குழந்தையை இரண்டாம் மாடியில் கொண்டுவந்து அவன் தோளில் போட்டுவிட்டுப் போனாள். குழந்தை பெஞ்சுகளைப் பார்த்தது. அத்தனை பெரியவர்கள் தன்னைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டிருப்பது அதற்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும், உதட்டைப் பிதுக்கியது.

அன்றைக்கு லாரிக்காரர் முறையும் வந்தது. வழக்கம்போல அவன் அந்தப் பெயரைக் கூப்பிட்டான். லாரிக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தோளிலிருந்த குழந்தை சட்டென்று அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தது, என்ன என்பதுபோல.

"சொட்டக்கா, பாத்தியா?"

"உன் குரலுக்குப் பொணமே திரும்பும்டா. இரு." சொட்டக்கா பின்னால் போய் நின்று மெதுவாக அந்தப் பெயரைச் சொன்னாள். குழந்தை அவள் பக்கம் திரும்பியது. சன்னல் ஓரத்திலிருந்து யாரோ தன் மொழியின் இழுப்போடு கூப்பிட்டார். அங்கே திரும்பியது. தூணருகிலிருந்து ஒருவர், கதவருகிலிருந்து ஒருவர். "கூப்பிடறது யாரையாம்?" "மைக்கு புள்ளையாம்." "நானும் கூப்பிடறேன்." கண்ணைத் திறக்காமலேயே ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். நடுவில் ஒரு விஷமக்காரர் தன் சொந்தப் பெயரைச் சொன்னார். குழந்தை அந்தப் பக்கம் திரும்பவில்லை. மேசை விசிறிபோலத் தலையை அங்கும் இங்கும் திருப்பி, தன் பெயர் வந்த பக்கமெல்லாம் பார்த்தது. கடைசியில் கைகொட்டிச் சிரித்தது.

மைக்குவுக்குக் குரல் வராமல் போனதை அந்த மாடி அன்றைக்குத்தான் பார்த்தது. பார்த்தது என்று சொல்வதும் பொருந்தாது.

லாரிக்காரர் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப சரி" என்றார். "இனிமே அது அவனோடது. நல்லபடியாத்தான் வச்சிருந்தேன், ஒரு கீறல் இல்ல." பிறகு கொஞ்சம் தயங்கி, "பழைய பேருக்குத் திரும்பிப் போக மனசு வரல தம்பி. உங்ககிட்ட வேற ஏதாவது மீதி கெடக்கா?" என்று கேட்டார்.

மைக்கு யோசித்தான். ஒன்று மீதியிருந்தது.

அன்று மாலை மாமனாருக்கு ஃபோன் போட்டுச் சொன்னான். மாமனார், தைத்துக் கொடுத்த சட்டையைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார்: "அளவு சரியா இருக்கா மாப்ள?"

சரியாகத்தான் இருந்தது. அடுத்த முறை மைக்கு அந்த நீளமான பெயரைக் கூப்பிட ஆரம்பித்தான். முதல் நிறுத்தத்தில் லாரிக்காரர் கைத்தடியைத் தேடி எடுத்தார். இரண்டாவதில் முழங்காலை நீட்டி மடக்கினார். நடுவில் மெல்ல எழுந்து, அவசரமில்லாமல், சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தார். பெயர் முடியும்போது அவர் கை டாக்டர் அறையின் கதவுப்பிடியில் இருந்தது.